கர்ப்பகாலத்தில் கிறீம் சரிபார்க்கும்போது நாங்கள் விடும் பிழைகள்

போன கிழமை எங்கள் பாமசியில் பயிற்சிக்கு நிற்கும் பிள்ளை கவுண்டரில் இருந்தாள். பரந்தன் பக்கத்திலிருந்து வந்த ஒரு தங்கச்சி கைப்பைக்குள்ளிருந்து சின்ன டப்பி ஒன்றை எடுத்து வைத்து, "மிஸ், இப்ப நாலு மாசம். இதைப் பூசலாமோ?" என்று கேட்டாள். எங்கள் பிள்ளை கெட்டிக்காரி. டப்பியைத் திருப்பி, பின்பக்கத்தில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் போனில் சரிபார்க்கும் செயலி ஒன்றில் அடித்துப் பார்த்தாள். இருபது நிமிடம் பிடித்தது. கடைசியில் நிமிர்ந்து, "எல்லாம் பச்சை காட்டுது, ஒரு பிரச்சினையும் இல்லை அக்கா" என்றாள்.

அலுமாரிக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு நெஞ்சு திக்கென்றது. 12 வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு டப்பியைப் பார்த்து, இதே சொல்லை நானும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். டொக்டரைக் கேளுங்கள், காலாவதித் திகதியைப் பாருங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பட்டியல் உண்மையா என்று கேட்காமல் பட்டியலை வாசிப்பது

உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலை வாசிக்கத் தெரிந்துவிட்டால் போதும் என்று நினைத்துத்தான் எல்லாரும் தொடங்குகிறோம். அதை எழுதியது யார், எழுதியதுதான் டப்பிக்குள் இருக்கிறதா என்ற கேள்வி மனதில் வருவதே இல்லை. முகத்தை வெளுக்கவைக்கும் கிறீம்களில் மிக ஆபத்தான பொருள் பெரும்பாலும் பட்டியலில் இருக்காது. எழுதினால் யார் வாங்குவார்கள்?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கார்மென்டுக்கு வேலைக்குப் போய்வந்த ஒரு பிள்ளை. முதல் கர்ப்பம், ஐந்தாம் மாதம். இரண்டு கன்னத்திலும் கருமை படர்ந்திருந்தது. கர்ப்பத்தில் பலருக்கும் வருவதுதான். வயலிலும் கச்சான் தோட்டத்திலும் வெயிலில் நிற்கிறவர்களுக்கு இன்னும் கூடத் தெரியும். வேலைக்குப் போகிற பஸ்ஸில் ஒருத்தி விற்ற நைட் கிறீமைக் கொண்டுவந்து காட்டினாள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. படித்ததையெல்லாம் காட்டிவிடும் ஆசையில் பட்டியலை வரி வரியாக வாசித்தேன். தண்ணீர், கிளிசரின், ஸ்டியரிக் அசிட், விற்றமின் ஈ, ஏதோ ஒரு பழச்சாறு. கெட்டது ஒன்றுமில்லை. "பயப்பிடாமல் பூசுங்கோ" என்று அனுப்பிவிட்டேன்.

ஏழாம் மாதக் கிளினிக்கில் அவளுக்குச் சலத்தில் புரதம் அதிகம் என்று வந்தது. காலும் முகமும் வீங்கியிருந்தன. ஆனால் பிரஷர் ஏறவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். என்ன காரணம் என்று தெரியாமல் நாட்கணக்கில் வாட்டில் கிடந்தாள். கடைசியில் ஒரு டொக்டர் அவளுடைய முகத்தையும் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முகத்துக்கு என்ன பூசுகிறாய் என்று கேட்டிருக்கிறார். கிறீமை நிறுத்தினார்கள். பரிசோதனை முடிவு வந்தபோது அது பாதரசம் என்று தெரிந்தது.

பிள்ளை சுகமாகப் பிறந்தது. ஆனால் தாய்க்குப் புரதம் குறைய மாதங்கள் எடுத்தன. வட்டிக்கு எடுத்த காசு, வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அலைந்த அலைச்சல், பிள்ளை தவழப் பிந்தினாலும் பேசப் பிந்தினாலும் இதனால்தானோ என்று அவள் பயந்து கழித்த நாட்கள். இதையெல்லாம் நான் மறக்கவில்லை.

பிறகு அவளுடைய அம்மா அந்த டப்பியை என்னிடம் கொண்டுவந்து தந்தார். கோபமாக ஒரு சொல் சொல்லவில்லை. நான் அன்றைக்கு வாசித்தது டப்பியின் பின்பக்கத்தை மட்டும். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த துண்டுத்தாளை விரிக்கவே இல்லை. அதில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்.

முகக் கிறீமுக்குத் தங்கத்தோடு என்ன பகை? பாதரசம் தங்கத்தோடு சேர்ந்து அதை வெள்ளைப்படுத்திவிடும். தாலிக்கொடி நிறம் மாறினால் ஆட்கள் கேட்டு வருவார்கள் என்று அந்த வரியை எழுதியவனுக்குத் தெரிந்திருக்கிறது. வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் பற்றி ஒரு வரி இல்லை. இன்றைக்கும் அந்தத் தாளை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

பாதரச உப்பு தோலில் கருமை உண்டாவதைத் தடுக்கும். அதனால் முகம் உண்மையிலேயே வெளுக்கும், பூசியவர்களும் கைவிடமாட்டார்கள். அது தோல் வழியாக உள்ளே போய் முக்கியமாகச் சிறுநீரகத்தைத் தாக்கும். நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகும், தாய்ப்பாலிலும் வரும். பூசாதவர்களையும் அது விடாது. தலையணை உறை, துவாய், அம்மாவின் கன்னத்தோடு கன்னம் வைத்துப் படுக்கும் மூத்த பிள்ளை என்று எல்லாவற்றிலும் ஒட்டும். 2013இல் உருவாகி 2017இல் நடைமுறைக்கு வந்த, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா என்ற சர்வதேச உடன்படிக்கையில் இலங்கையும் சேர்ந்திருக்கிறது. கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களை 2020க்குப் பிறகு தயாரிக்கவோ ஏற்றுமதி, இறக்குமதி செய்யவோ கூடாது என்று முதலில் அதில் எழுதினார்கள். 2023இல் கூடியபோது அந்த எல்லையையும் எடுத்துவிட்டு, பாதரசம் சேர்த்த அழகுசாதனம் எதுவுமே கூடாது என்று முடிவெடுத்தார்கள். அப்படியிருந்தும் சாமான் பார்சலிலும் பஸ்ஸிலும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆகவே பட்டியலுக்குப் போகமுன் டப்பியை விசாரியுங்கள். தயாரித்த நிறுவனத்தின் பெயரும் முழு முகவரியும் இருக்கிறதா? தொகுதி இலக்கம் இருக்கிறதா? இறக்குமதி செய்தவர் யார்? நாட்டின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. கலோமெல், மேர்கியூரஸ் குளோரைட், மேர்கியூரிக், மேர்கியூரியோ என்று எந்தப் பெயரில் எழுதியிருந்தாலும் அது பாதரசம்தான். நகையில் படக்கூடாது என்ற வரி இருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம். சில நாட்களிலேயே முகம் வெளுத்துவிட்டது என்றால் ஒன்றில் பாதரசம், இல்லையென்றால் வீரியமான ஸ்டீராய்டு என்று சந்தேகப்படுங்கள். சில இடங்களில் இரண்டு மூன்று ரியூப்களைப் பிதுக்கிக் கலந்து, வெறும் டப்பியில் அடைத்துத் தருகிறார்கள். அதற்குப் பட்டியலே கிடையாது.

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் குப்பையை வளவில் கூட்டிக் கொளுத்துவது வழக்கம். இந்த டப்பியை அந்த நெருப்பில் போடாதீர்கள். பாதரசம் ஆவியாகி வரும், அதைச் சுவாசிப்பது பூசுவதைவிட மோசம். இறுக்கி மூடி, இரண்டு பைகளில் கட்டி, கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

போன கிழமை வந்த டப்பியையும் நான் வாங்கிப் பார்த்தேன். முகவரி இல்லை, தொகுதி இலக்கம் இல்லை. "எங்க எடுத்தனீங்கள்?" என்று கேட்டேன். "பேஸ்புக்கில மிஸ். மூன்று நாளிலயே முகம் வெளிச்சிட்டுது." அதற்குப் பிறகு அந்தப் பட்டியலை நான் வாசிக்கவில்லை. அவளுடைய கிளினிக் கொப்பியை வாங்கி, கடைசிச் சலப் பரிசோதனை எப்போது என்று பார்த்தேன்.

ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான் என்று நினைப்பது

நேர்மையான நிறுவனத்தின் சாமான் என்று தெரிந்த பிறகுதான் பட்டியலுக்கு வேலை. அங்கேயும் பெயர்கள் ஏமாற்றும். விற்றமின் ஏ வகை கூடாது என்று எல்லாரும் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் அந்தப் பெயரில் அது பட்டியலில் வராது. ரெட்டினோல், ரெட்டினால், ரெட்டினைல் பால்மிடேட், ட்ரெட்டினோயின், டசரோட்டின் என்று வரும். பெயரில் 'ரெட்டின்' என்ற ஒலி இருந்தால் நிறுத்திவிடுங்கள். டசரோட்டினைப் போலவே அடபலீனும் அந்த ஒலி இல்லாமலே அதே குடும்பத்தைச் சேர்ந்தது, பருவுக்குப் பூசுகிற ரியூப்களில் இருக்கும். இவற்றைப் பூசும்போது உடம்புக்குள் போவது கொஞ்சம்தான். என்றாலும் கர்ப்பத்தில் வேண்டாம் என்பதே மருத்துவர்களின் பேச்சு.

பருவுக்கு விழுங்கும் ஐசோட்ரெட்டினோயின் குளிகையின் கதை வேறு. அது பிள்ளையின் காது, இதயம், மூளை எல்லாவற்றையும் கெடுக்கக்கூடியது. கர்ப்பம் தரிக்க நினைத்தால் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்னரே நிறுத்த வேண்டும். அக்காவின் மிச்சக் குளிகை என்று தங்கச்சிமார் எடுத்து விழுங்குவதைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

கருமைக்குப் பூசும் ஹைட்ரோகுவினோன் பூசியதில் 35 முதல் 45 வீதம் வரை உடம்புக்குள் போய்விடும். தோலுக்குப் பூசும் ஒரு பொருளுக்கு அது பெரிய அளவு. அர்புட்டின் என்று எழுதியிருப்பதும் உடைந்து ஹைட்ரோகுவினோன் ஆகக்கூடியதுதான். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், ஸ்டீராய்டு மூன்றையும் ஒன்றாகச் சேர்த்த ரியூப்பும் இருக்கிறது. கர்ப்பிணி அதைத் தொடவே வேண்டாம்.

'அசிட்' என்றதும் நடுங்குவது

இதற்கு நேர் எதிரான பிழை. ஹயலூரோனிக் அசிட் என்று வாசித்தவுடன் அசிட் வீச்சு நினைவுக்கு வந்து ஈரப்பதக் கிறீமைக் குப்பையில் எறிந்த ஒருவரை எனக்குத் தெரியும். அது தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொருள். அசலெயிக் அசிட் கர்ப்பத்தில் பருவுக்கும் கருமைக்கும் டொக்டர்மாரே எழுதித் தருவது. சீட்டைல் அல்ககோல், சீட்டாரைல் அல்ககோல் என்பவை மெழுகு மாதிரியான கொழுப்புகள், குடிக்கிற சாராயத்தோடு சேர்த்துப் பார்க்கத் தேவையில்லை. நியாசினமைட், பென்சோயில் பெரொக்சைட் இரண்டையும் பார்த்தும் பயப்பட வேண்டாம்.

இதில் ஒரு பயம் உண்மையாகவே ஆபத்தில் முடியப் பார்த்தது. சலிசிலிக் அசிட் கூடாது என்று எங்கேயோ வாசித்த ஒரு பெண், அஸ்பிரினும் அதே குடும்பம்தான் என்று கண்டுபிடித்து, கிளினிக்கில் கொடுத்த சின்ன அஸ்பிரின் குளிகையை யாருக்கும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். 75 அல்லது 150 மில்லிகிராம் அஸ்பிரினைக் கொடுப்பதே கர்ப்பகால உயர் அழுத்தம் வராமல் காக்கத்தான். முகம் கழுவும் ஜெல்லில் இருக்கும் 2 வீத சலிசிலிக் அசிட் பிரச்சினை இல்லை. உடம்பில் பெரிய இடத்தில் வீரியமாகப் பூசி உரிக்கும் சிகிச்சைதான் வேண்டாம்.

எவ்வளவு, எங்கே, எவ்வளவு நேரம் என்று பார்க்காதது

பட்டியலில் கூடுதலாக இருப்பது முன்னுக்கு வரும். ஒரு வீதத்துக்குக் குறைந்தவற்றை எந்த ஒழுங்கிலும் எழுதலாம். நான் பினொக்ஸிஎதனோலைத் தேடுவேன். அந்தக் கெடாமல் வைக்கும் பொருளை ஐரோப்பிய விதிப்படி ஒரு வீதத்துக்கு மேல் சேர்க்க முடியாது. ஆகவே அதற்குப் பின்னால் வருபவை பெரும்பாலும் ஒரு வீதத்துக்குக் குறைந்தவை. அதேபோல, கழுவிவிடும் ஜெல்லும் இரவு முழுக்கத் தோலில் கிடக்கும் கிறீமும் ஒன்றல்ல.

எக்சிமாவுக்கு டொக்டர் தந்த மெல்லிய ஸ்டீராய்டைச் சொன்னபடி பூசலாம். வீரியமானதைக் கர்ப்பகாலம் முழுவதிலும் 300 கிராமுக்கு மேல், அதாவது 15 கிராம் ரியூப் 20க்கு மேல், பூசியவர்களிடம்தான் பிள்ளையின் நிறை குறைவதைக் கண்டிருக்கிறார்கள்.

பி வகையா, சி வகையா என்று கேட்பது

கர்ப்பத்தில் ஒரு மருந்து எவ்வளவு ஆபத்து என்று காட்டப் போட்ட அந்த எழுத்துகளை அமெரிக்காவே 2015இல் கைவிட ஆரம்பித்துவிட்டது. அதுவும் அவை மருந்துகளுக்கு இருந்தவை.

'இயற்கை' என்ற சொல்லைப் பார்த்து விட்டுவிடுவது

வெளிநாட்டிலிருந்து வரும் சுர்மா என்ற கண் மையில் ஈயம் இருக்கலாம். அதையும் இயற்கை என்றுதான் விற்கிறார்கள்.

பயந்து எல்லாவற்றையும் நிறுத்துவது

மாரி மழை தொடங்கினால் வன்னியில் நுளம்பு சொல்லி மாளாது. டெங்கு வந்தால் கர்ப்பிணிக்கும் பிள்ளைக்கும் ஆபத்து. அப்படியிருக்க, கெமிக்கல் என்று பயந்து நுளம்புக் கிறீமை ஒதுக்குகிறார்கள். டீட் உள்ள கிறீமை லேபலில் சொன்னபடி கர்ப்பிணிகள் பூசலாம். வீட்டில் எல்லாருக்கும் சிரங்கு வந்து, கர்ப்பிணி மட்டும் மருந்து பூசாமல் இரவிரவாகச் சொறிந்துகொண்டிருப்பதும் தேவையில்லை. 5 வீத பெர்மெத்ரின் கர்ப்பத்தில் கொடுப்பதுதான், கிளினிக்கில் கேளுங்கள். கன்னத்துக் கருமைக்கு சிங்க் ஒக்சைட் உள்ள சன் கிறீமும், வயலுக்குப் போகும்போது ஒரு அகலத் தொப்பியும் போதும். பிரசவத்துக்குப் பிறகு பலருக்கும் அது தானாக மங்கும்.

பூசிவிட்டதை ஒளிப்பது

பிள்ளையின் உறுப்புகள் உருவாகும் காலம் கரு தங்கி மூன்றாம் கிழமையிலிருந்து எட்டாம் கிழமை வரை. நாள் தள்ளிப்போனதை நிச்சயப்படுத்தி, மிட்வைஃபிடம் பதியும்போது அதில் பாதி போயிருக்கும். அதனால் தெரியாமல் பூசியவர்கள் நிறையப் பேர். ஏச்சு விழும் என்று பயந்து வாய் திறப்பதில்லை. ரெட்டினோல் கிறீம் சில நாள் பூசியிருந்தால் நிறுத்திவிட்டு அடுத்த கிளினிக்கில் சொல்லுங்கள். அதனால் மட்டும் பிள்ளைக்கு ஊனம் கூடியதாக ஆய்வுகளில் தெளிவாகத் தெரியவில்லை. ஐசோட்ரெட்டினோயின் குளிகை விழுங்கியிருந்தால் கிளினிக் நாள்வரை பார்த்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முகம் வெளுக்கும் டப்பி என்றால், எத்தனை மாதம் பூசினீர்கள் என்று சொல்லி, சலமும் இரத்தமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

போகும்போது வீட்டில் இருக்கும் கிறீம், எண்ணெய், பவுடர், குளிகை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். வெறும் டப்பியையும், பெட்டிக்குள் இருந்த துண்டுத்தாளையும் சேர்த்துத்தான்.