‘சரிங்க’ என்ற பதிலோடு நகர்ந்துவிடாதீர்கள்: தையல் லைனை நடத்துவோருக்கு

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 18 ஆண்டுகளாக இருக்கிறேன். டெய்லருக்கு உதவியாளான கைமடி வேலைக்குச் சேர்ந்து, செக்கிங் பார்த்து, ஒரு லைனுக்கு, அதாவது ஒரு மெஷின் வரிசைக்கு, சூப்பர்வைசராகி, இப்போது ஒரு தையல் பிரிவுக்கு மேலாளராக இருக்கிறேன். புதிதாகப் பொறுப்புக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: “நீங்கள் சொன்னது அவருக்குப் புரிந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?” பெரும்பாலும் வரும் பதில், “சரிங்க என்று சொன்னாரே.”

கொங்குப் பக்கம் ‘சரிங்க’ என்பது மரியாதைச் சொல். மேலே இருப்பவர் பேசி முடித்ததும் தானாக வந்து விழும். புரிந்துவிட்டது என்பதற்கு அது சாட்சி ஆகாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கும் பிள்ளைகள் சொல்லும் ‘டீக் ஹை’யும் அப்படித்தான்.

சூப்பர்வைசரான முதல் ஆண்டில், மடிப்புத் தையல் போடும் பிளாட்லாக் மெஷினில் இருந்த டெய்லர் ஒருவரிடம் “கீழ் மடிப்பு நேற்றுப் போட்டது போலவே போடுங்கள் அண்ணா” என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனேன். நான் மனதில் வைத்திருந்தது நேற்றுக் காலையில் ஓடிய ஸ்டைல் (உடை வடிவம்), மடிப்பு 2 செ.மீ. அவர் எடுத்துக்கொண்டது மாலையில் மாறிய ஸ்டைல், 2.5 செ.மீ. மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் 400 பீஸ் முடிந்திருந்தது. பின்னல் துணியில் தையலைப் பிரித்தால் ஊசித்துளை தெரியும். பாதிக்கு மேல் தேறவில்லை. திட்டு முழுவதும் அவருக்கு விழுந்தது. தவறாகச் சொன்ன எனக்கு ஒன்றும் விழவில்லை. அவர் தலைகுனிந்து நின்றது இன்றும் என்னை உறுத்துகிறது.

அதனால்தான் ‘போன முறை போல’, ‘கொஞ்சம் அகலமாக’, ‘சீக்கிரம்’ ஆகிய மூன்றையும் என் லைனில் யாரும் சொல்லக் கூடாது என்று வைத்திருக்கிறேன். அளவு என்றால் எண், நேரம் என்றால் மணி. ஸ்டைல் மாறும்போது ஒப்புதல் பெற்ற மாதிரி பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு அவருடைய மெஷினுக்கே போங்கள். மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கள். நாற்பது மெஷின் ஓடும் இடத்தில் கோடியில் நின்று கத்தினால் சொல் போய்ச் சேராது, கோபம் மட்டும்தான் போய்ச் சேரும். சொல்லி முடித்ததும் “புரிந்ததா?” என்று கேட்காதீர்கள், அதற்கும் ‘சரிங்க’தான் வரும். “ஒரு பீஸ் போட்டுக் காட்டு, கண்ணு” என்று கேளுங்கள். போட்ட பீஸில் டேப்பை அவர் கையாலேயே வைத்து அளக்கச் சொல்லுங்கள். மூன்றாவது பீஸும் சரியாக வந்த பிறகு நகருங்கள். ஓர் ஆளுக்கு நான்கைந்து நிமிடம் ஆகும். 400 பீஸைப் பிரித்துப் பார்த்தவளுக்கு அது பெரிய நேரமாகத் தோன்றாது.

மொழி தெரியாதவர்களிடம் பேச, நன்றாகத் தமிழ் பேசும் ஒரே பையனை எல்லாவற்றுக்கும் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. வேலையைப் பற்றி என்றால் பரவாயில்லை. ஒரு பெண்ணின் உடம்பு சரியில்லாதது, விடுப்பு, சம்பளக் கணக்கு ஆகியவற்றை அவன் வழியாகக் கேட்காதீர்கள். அவளுடைய மொழி தெரிந்த இன்னொரு பெண்ணைக் கூப்பிடுங்கள். நீங்களும் எண்களையாவது இந்தியில் கற்றுக்கொள்ளுங்கள். சரியான பீஸ் ஒன்று, தவறான பீஸ் ஒன்று, தவறிய இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் என்று லைனின் முகப்பில் தொங்கவிட்டால் பாதிப் பேச்சு மிச்சம்.

கூடுதல் நேரம் தேவையென்றால் மதியத்துக்குள் சொல்லிவிடுங்கள். எத்தனை மணி வரை, எதற்காக என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஐந்து மணிக்கு வந்து “இன்று எல்லோரும் இருக்க வேண்டும்” என்றால், பள்ளியிலிருந்து வந்த பிள்ளை வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு அது அறிவிப்பு அல்ல, தண்டனை. கேட்டுவிட்டு, முடியாதவரை விடுங்கள். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. அந்தக் கணக்கையும் அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இனி, எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமானது. தைக்கும்போது ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதியும் மெஷின் எண்ணும் எழுதிய பிறகே புது ஊசி தர வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த பீஸ் இருந்த கட்டு முழுவதையும் தனியே எடுத்துவைத்து மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும். நாங்கள் குழந்தை உடைகள் தைக்கிறோம். காணாமல் போன அரை அங்குல ஊசிமுனை எங்கோ ஒரு பச்சைக் குழந்தையின் கழுத்தில் குத்தலாம்.

இந்த விதி எல்லாக் கம்பெனிச் சுவரிலும் ஒட்டியிருக்கிறது. ஆனாலும் ஒருமுறை செக்கிங்கில் ஒரு பீஸின் தோள் தையலில் ஊசித்துண்டு இருந்தது. விசாரித்தபோது தெரிந்தது: அதற்கு முந்தைய வாரம் ஊசி உடைந்ததைச் சொல்ல வந்த ஒருத்தியை, “ஒரு நாளைக்கு எத்தனை ஊசி உடைப்பாய்?” என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னிலும் கேட்டிருக்கிறார். பக்கத்து மெஷின் பெண் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் ஊசி உடைந்தபோது, பையில் வைத்திருந்த பழைய ஊசியை மாட்டிக்கொண்டு பேசாமல் தைத்துவிட்டாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். ஒருத்தியிடம் பேசியது லைன் முழுவதற்கும் பேசியதாகிவிட்டது.

ஆகவே, கெட்ட செய்தியோடு ஒருவர் எழுந்து வரும்போது உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியத்தை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள். தவறைப் பற்றிய பேச்சு பிறகு, தனியே, ஸ்டோர் அறையில் இருக்கட்டும். என் முதல் வாக்கியம் “கையில் குத்தியதா, கண்ணு?” என்பது. பிறகு மெஷினை நிறுத்திவிட்டு அவளோடு நானும் குனிந்து, காந்தத்தை வைத்துத் தரையில் தேடுவேன். துண்டு கிடைத்ததும், “வந்து சொன்னாயே, அது போதும்” என்று பக்கத்து இரண்டு மெஷின்களுக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, பதிவேட்டை அவளிடமே ஒட்டக் கொடுப்பேன்.