வேறு ரிம் மாட்ட வீல் அடாப்டர் போடலாமா? அளவெடுப்பதிலிருந்து இறுக்குவது வரை

மனசுக்குப் பிடித்த அலாய் ரிம் கிடைத்திருக்கும், ஆனால் ஹப்பில் (சக்கரம் மாட்டுகிற நடுப்பகுதி) இருக்கிற ஸ்டட்டுகளுக்கும் (நட்டு ஏறும் மரையாணிகள்) ரிம்மில் இருக்கிற ஓட்டைகளுக்கும் பொருத்தம் இருக்காது. உடனே அடாப்டர் பேச்சு வரும்: ஒரு பக்கம் ஹப்பில் மாட்டி, மறுபக்கம் தன் சொந்த ஸ்டட்டுகளில் ரிம்மைப் பிடிக்கிற தடித்த உலோக வட்டு அது. சக்கரமே கழன்று ஓடிவிடும் என்பார் ஒருவர், வருஷக்கணக்கில் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை என்பார் இன்னொருவர். இரண்டுமே நடக்கக்கூடியதுதான். எது நடக்கும் என்பது நீங்கள் வாங்கும் பொருளையும் பொருத்தும் விதத்தையும் பொறுத்தது.

சக்கரம் எப்படி நிற்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். நட்டை இறுக்கும்போது ஸ்டட் இம்மியளவு நீண்டு, ஸ்பிரிங் மாதிரி ரிம்மை ஹப்போடு சேர்த்து இழுத்துப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தில் இரண்டு முகங்களுக்கும் நடுவே வரும் உராய்வுதான் பெரும்பாலான பாரத்தைத் தாங்குகிறது. அடாப்டர் வந்ததும் இந்த ஒட்டு ஒன்றுக்கு இரண்டாகிவிடும், ஐந்து நட்டு இருந்த சக்கரத்தில் பத்து நட்டு. அதில் உள்ளே இருக்கிற ஐந்து ரிம்முக்குப் பின்னால் மறைந்துபோகும், தளர்ந்தாலும் வெளியே தெரியாது. என்னைக் கேட்டால் அடாப்டரின் உண்மையான ஆபத்து இந்த மறைந்த நட்டுகள்தான்.

1. பிசிடி அளவு

ஸ்டட்டுகளின் மையங்கள் வழியே ஒரு வட்டம் போட்டால் அதன் விட்டம்தான் பிசிடி. நான்கு ஓட்டை என்றால் எதிரெதிர் ஓட்டைகளின் மையத்திலிருந்து மையம் வரை அளந்தால் போதும். ஐந்து ஓட்டையில் எதிரே ஓட்டை இருக்காது, அதனால் அடுத்தடுத்த இரண்டின் மையங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து 1.701-ஆல் பெருக்குங்கள். 67.2 மி.மீ. வந்தால் 5×114.3 (ஐந்து ஓட்டை, 114.3 மி.மீ. பிசிடி), 65.8 வந்தால் 5×112. நடுவில் ஒன்றரை மி.மீ. கூட வித்தியாசம் இல்லை பாருங்கள், அதனால் டேப் வேண்டாம், வெர்னியர் காலிப்பரால் அளங்கள். ஹப், ரிம் இரண்டையும் அளக்க வேண்டும். 4×98 ஹப்பில் 4×100 ரிம்மை அழுத்தி ஏற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நட்டுகள் கோணலாக உட்கார்ந்து ஓட ஓடத் தளரும்.

2. நடு ஓட்டை, மரை

அடாப்டரின் நடு ஓட்டை ஹப்பின் மேடு மேல் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும், அதன் வெளிப்பக்க மேடு ரிம்மின் நடு ஓட்டைக்குள் அதே மாதிரி பொருந்த வேண்டும். இதில் ஆட்டம் இருந்தால் வேகம் கூடும்போது ஸ்டியரிங் அதிரும். மரையையும் பாருங்கள்: 12×1.25, 12×1.5 (முதல் எண் ஸ்டட்டின் விட்டம், அடுத்தது மரைகளின் இடைவெளி, இரண்டும் மி.மீ.) இரண்டும் கண்ணுக்கு ஒன்று போலவே இருக்கும், மாற்றிப் போட்டு முறுக்கினால் ஸ்டட் கெட்டுவிடும்.

3. தடிமன், ஆஃப்செட்

பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஹப்பின் ஸ்டட் அடாப்டரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ரிம்மின் பின்பக்கம் இடித்து, ரிம் முழுசாக உட்காராது. சில ரிம்களில் பின்னால் குழி இருக்கும், அந்தக் குழி நேராக ஸ்டட் மேலேயே வந்தால்தான் தப்பிக்கலாம். பொதுவாக 20 மி.மீ.க்குக் குறைந்த அடாப்டரில் இந்தத் தொல்லை அதிகம்.

அப்புறம் கணக்கு. ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் வரை உள்ள தூரம்தான் ஆஃப்செட், மி.மீ.யில் சொல்வார்கள்; அது குறையக் குறைய சக்கரம் வெளியே தள்ளும். ரிம்மின் ஆஃப்செட் 45, அடாப்டர் 25 மி.மீ. என்றால் முடிவில் 20. வண்டியோடு வந்த ஆஃப்செட்டும் 45 என்று வையுங்கள், சக்கரம் 25 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும், பேரிங்குக்குச் சுமை கூடும், ஸ்டியரிங்கின் குணம் மாறும், டயர் ஃபெண்டரில் உரசலாம். ஆனால் புது ரிம்மின் ஆஃப்செட் 60, வண்டியோடது 40 என்றால் 20 மி.மீ. அடாப்டர் போட்டதும் சக்கரம் பழைய இடத்துக்கே வந்துவிடும். இப்படிக் கணக்கு சரியாக வந்தால் எனக்கு அடாப்டர் மேல் பாதி பயம் போய்விடும்.

4. வாங்கும்போது

6061-டி6 அல்லது 7075-டி6 அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்து எடுத்ததாகவோ ஃபோர்ஜ் செய்ததாகவோ இருக்கட்டும், ஸ்டட் 10.9 என்ற வலிமைத் தரத்துக்குக் குறையக் கூடாது. வார்ப்பு அலுமினியம் வேண்டாம்.

5. பொருத்துவது

சமதளத்தில் வண்டியைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துங்கள், வெறும் ஜாக்கை நம்பாதீர்கள். ஹப் முகத்தில் துரு இருந்தால் வயர் பிரஷ் போட்டுச் சுத்தமாகத் தேயுங்கள், ஏனென்றால் நடுவில் மாட்டிய துரு ஓட ஓட நசுங்கும், அது நசுங்குகிற அளவுக்கு ஸ்டட்டின் இழுவிசை குறையும். பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கிற கிளிப், ஸ்க்ரூ ஏதாவது துருத்திக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அடாப்டரை வைத்துக் கையால் அசைத்துப் பாருங்கள், துளி ஆட்டம்கூட இருக்கக் கூடாது.

அடாப்டரோடு வந்த நட்டையே போடுங்கள், எல்லாவற்றையும் கையால் சில சுற்று ஏற்றிவிட்டு, அடுத்தடுத்து போகாமல் நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள். ஹப் சுற்றாமல் இருக்க ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்கட்டும். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்ச்சால்தான் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்), இம்பாக்ட் கன் வேண்டாம். கார்களில் 12 மி.மீ. ஸ்டட்டுக்குச் சுமார் 100 நியூட்டன் மீட்டர் இருக்கும், உங்கள் வண்டியின் கையேடு சொல்கிற அளவைப் பின்பற்றுங்கள். அடாப்டரோடு தனி அளவு கொடுத்திருந்தால் அதையும் பாருங்கள். மரையில் கிரீஸ் தடவாதீர்கள், தடவினால் அதே அளவிலேயே ஸ்டட் அதிகமாக இழுபடும்.

பிறகு ரிம். நட்டின் அடிப்பக்கம் கூம்பா, உருண்டையா, தட்டையா என்பது ரிம்மோடு ஒத்துப்போக வேண்டும். மாட்டி முடித்ததும் சக்கரத்தைச் சுற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, பிரேக் காலிப்பரிலோ ஃபெண்டரிலோ தொடுகிறதா என்று பாருங்கள்.

6. மறுபடி இறுக்குவது

80 முதல் 100 கி.மீ. ஓட்டியதும் ரிம்மைக் கழற்றுங்கள். வெளி நட்டை மட்டும் இறுக்கினால் போதாது, உள்ளே இருக்கிற நட்டுகளையும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகு டயரை இடம் மாற்றும் ஒவ்வொரு தடவையும் இதே வேலை. மறுபடியும் தளர்ந்திருந்தால் திரும்ப இறுக்கிவிட்டுக் கிளம்பாதீர்கள், முகமோ ஸ்டட்டோ சரியில்லை என்று அர்த்தம், அடாப்டரை எடுத்துவிடுங்கள்.

அதிகப் பாரம் ஏற்றும் வண்டி, டிரெய்லர் இழுக்கும் வண்டி, பந்தய ஓட்டம், இவற்றுக்கு அடாப்டரை நான் சொல்ல மாட்டேன். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடாப்டர் போடுவது எந்த வண்டிக்கும் கூடாது. சில நாடுகளில் இந்த மாற்றத்துக்கு அனுமதி வாங்க வேண்டும், காப்பீட்டு நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ரிம்மைக் கழற்றி உள் நட்டைப் பார்க்கிற பொறுமை இல்லாதவர்கள் சரியான பிசிடியில் வேறு ரிம் தேடுவதே நல்லது.