மேற்கோள் குறி இல்லாம டயலாக் எழுதுறது எப்படி

குறுங்கதை எழுதுறவங்க நெறைய பேர் இப்ப டயலாக்குக்கு மேற்கோள் குறி போடுறதில்ல, பாக்க ஸ்டைலா இருக்குதாம். ஸ்டைலுக்கு மட்டும்னா வேணாம், போட்டுடுங்க. குறிய எடுக்குறதுல எனக்குத் தெரிஞ்சு ஒரே ஒரு லாபம்தான், வாய்விட்டுச் சொன்னது எது மனசுக்குள்ளயே நின்னது எதுன்னு பிரிக்கிற கோடு அழிஞ்சுடும். அது உங்க கதைக்கு வேணும்னா மேல படிங்க.

நமக்கு இது புதுசும் இல்ல. ஓலைச்சுவடியில மேற்கோள் குறியெல்லாம் கிடையாது, அது அச்சு வந்தப்புறம் ஒட்டிக்கிட்டது. குறுந்தொகைய எடுத்துக்குங்க, 400 சொச்சம் பாட்டு, பெரும்பாலும் 4லேந்து 8 அடிக்குள்ள, ஒவ்வொன்னும் தலைவியோ தோழியோ தலைவனோ யாரோ ஒருத்தர் பேசுற பேச்சு. யார் கூற்றுங்கறது தனிக் குறிப்பா இருக்கும், ஆனா அத மூடி வெச்சுட்டுப் படிச்சாலும் நடுவுல வாழி தோழின்னு ஒரு விளி, அதாவது ஆளக் கூப்பிடுற சொல், வந்துட்டா போதும், இது பெரும்பாலும் தலைவிக்கும் தோழிக்கும் நடுவுல நடக்குற பேச்சுன்னு தெரிஞ்சுடும், அப்ப பேசுறது யாருன்னும் பாதி தெரிஞ்ச மாதிரிதான்.

அதனால மொதல்ல விளியப் புடிங்க. அத்தை, மாப்ள, ஏங்க, சார், டீ. ஒருத்தர் நீங்கன்னு பேசி இன்னொருத்தர் நீன்னு பேசுனா அதுக்கு மேல அவன் சொன்னான் இவள் கேட்டாள்னு எழுத வேண்டியதே இல்ல. ரெண்டு பேரும் ஒரே வயசு ஒரே தோஸ்து ஒரே மச்சான்னு வெச்சீங்கன்னா மூணாவது வரியிலயே வாசகர் தொலைஞ்சுடுவார், அந்த மாதிரி ஜோடிக்கு ஒருத்தன அதிகம் பேச விட்டு இன்னொருத்தன ம், சரி, அப்பறம்னு நிறுத்திக்குங்க. மூணு பேர் இருந்தா மூணாவது ஆள் பேசவே வேணாம், டம்ளர நகர்த்தட்டும், எழுந்து போகட்டும்.

ரெண்டாவது நடை. கதை சொல்றது எழுத்துத் தமிழ்லயும் பேச்சு பேச்சுத் தமிழ்லயும் இருந்தா அந்த மாற்றமே மேற்கோள் குறி வேலையப் பாத்துடும், வந்தாள்னு இருந்தா நீங்க, வந்துட்டான்னு இருந்தா பாத்திரம். கதை முழுக்கப் பேச்சு வழக்குலயே சொல்றவங்களுக்கு இந்த வசதி இல்ல, அவங்க ஒவ்வொரு பேச்சையும் தனி வரியா உடைச்சுப் போடுறதுதான் நல்லது.

அப்பறம் இந்த ன்னு. இது எப்பவும் பேச்சு முடிஞ்சப்புறம்தான் வரும், அதாவது மூடுற குறி நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கு, தொறக்குற குறிதான் இல்ல. அஞ்சாறு வார்த்தைப் பேச்சுக்கு இது போதும். நாளைக்கு வரேன்னு போனான், முடிஞ்சுது. ஆனா மூணு வரிக்கு ஒருத்தர் பேசி கடைசியில என்றார்னு வந்தா வாசகர் அதுவரைக்கும் அத உங்க பேச்சுன்னு நெனச்சுப் படிச்சிருப்பார், திரும்ப மேல போவார், குறுங்கதையில அப்படித் திரும்பிப் போக வெச்சா காலி. நீளமான பேச்சுன்னா பேசப் போறது யாருன்னு முன்னாடியே காட்டிடுங்க.

இதுல ஒரு குழி இருக்கு. கதைய நான்னு சொல்ற ஆள் இருக்கும்போது மட்டும் வரும்.

நான் வரலன்னு சொன்னான்.

யார் வரல? சொன்னவனா, கதை சொல்றவனா? ரெண்டு அர்த்தமும் சரி. குழப்பம் வேணாம்னா நான எடுத்துடுங்க, வரலன்னு சொன்னான், இப்ப அவன்தான். இல்ல, யார் வராததுனால கல்யாணம் நின்னுச்சுன்னு தெரியக் கூடாதுங்கறதே கதைன்னா அப்படியே விட்டுடுங்க, பக்கம் பக்கமா எழுதுனாலும் கிடைக்காது அது.

ஆம் விகுதிய யாரும் சரியா யூஸ் பண்றதில்லங்கறது என் வருத்தம். பொண்ணுக்கு இஷ்டம் இல்லையாம். மூணே வார்த்தை, ஒரு முழு போன் பேச்சு உள்ள இருக்கு, சொன்ன ஆள் யாரோ, கதை சொல்றவர் அதுக்குப் பொறுப்பும் எடுத்துக்கல, கொஞ்சம் நக்கல் வேற.

எல்லாம் சேத்து ஒண்ணு பாருங்க.

வளையல் எங்கம்மா?
பாலிஷுக்குக் குடுத்திருக்கேன் அத்தை.
எந்தக் கடையில?
அடகுக் கடையில. ரசத்தை இறக்கி வைத்தாள். பஜார்ல ஒரு கடை அத்தை, உங்களுக்குத் தெரியாது.
மாமியார் தன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டார். தெரியாம என்ன.

அடகுக் கடையிலங்கறது வாய விட்டு வரலன்னு அடுத்த பேச்சு வந்ததும் புரிஞ்சுடுது, ஆனா ஒரு நொடி சொல்லிட்டாளோன்னு பதறுது பாருங்க, அதுக்குத்தான் குறிய எடுத்தது. கடைசி வரிய மாமியார் சொன்னாங்களா நெனச்சாங்களான்னு நான் முடிவே பண்ணல. குறி போட்டா பண்ணியாகணும். நடுவுல ரசம் இறக்குற வரியும் சும்மா இல்ல, நெனப்பையும் பேச்சையும் பிரிக்க ஒரு செய்கை வேணும், அது இல்லேன்னா ரெண்டும் ஒரே மூச்சுல ஓடிடும்.

கேள்விக்குறிய எடுக்காதீங்க, அது வேற விஷயம். வரி ஆரம்பத்துல கோடு போட்டு எழுதுறவங்க இருக்காங்க, தப்பில்ல, ஆனா அது வேற சட்டை போட்ட மேற்கோள் குறிதான், மேல சொன்ன லாபம் கிடைக்காது.

முடிச்சதும் கதைய இன்னொருத்தர் கையில குடுத்து சத்தமாப் படிக்கச் சொல்லுங்க, நீங்க படிக்காதீங்க, உங்களுக்குத்தான் யார் பேசுறாங்கன்னு தெரியுமே. அவர் குரல் தடுமாறுற எடத்துல ஒரு விளி சேருங்க. அப்பவும் தடுமாறுனா ஒரு செய்கை. ரெண்டும் சேத்தும் தடுமாறுதுன்னா அந்தக் கதைக்கு மேற்கோள் குறி போட்டு அனுப்பிடுங்க. பத்திரிகைக்கு அனுப்புறதா இருந்தா குறி வேணும்னேதான் போடலன்னு மெயில்ல ஒரு வரி சேத்துடுங்க, இல்லேன்னா ப்ரூஃப் பாக்குறவங்க நல்ல எண்ணத்துல எல்லாத்துக்கும் போட்டு விட்டுடுவாங்க.