ஐந்து நாள் தூண்டில் போட்டியில் முதன்முறையாகக் கலந்துகொள்வது எப்படி?

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நன்னீர் மீன்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். சால்மனும் டிரவுட்டும் ‘கேம்’ மீன்கள். ரோச், ப்ரீம், பெர்ச், டென்ச், கார்ப் முதலிய மற்றவையெல்லாம் ‘கோர்ஸ்’ மீன்கள். இந்தப் பிரிவினை மீனின் குணத்தைக் காட்டிலும் அதைப் பிடித்தவர்களின் அந்தஸ்தைத்தான் அதிகம் சொல்கிறது என்பது என் எண்ணம். கோர்ஸ் மீன்களைப் பிடித்து, உயிருடன் வலையில் வைத்திருந்து, எடை போட்டு, மீண்டும் நீரில் விடும் போட்டிகள் அங்கே வார இறுதிதோறும் நடக்கின்றன. அவையே நான்கைந்து நாட்கள் தொடர்ந்து நடந்து, எல்லா நாட்களின் முடிவும் சேர்த்துக் கணக்கிடப்பட்டால் அதற்குத் திருவிழா என்று பெயர். வட அயர்லாந்தின் ஃபெர்மனா மாவட்டத்தில், என்னிஸ்கில்லன் நகரைச் சுற்றியுள்ள எர்ன் ஏரிகளில் மே மாதம் நடக்கும் ஐந்து நாள் திருவிழா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆகவே இந்த விளக்கத்தை அத்தகைய இயற்கை ஏரிப் போட்டியை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். ஒரு நாள் போட்டிகளில் ஓரளவு பழகி, முதன்முறையாகத் திருவிழாவுக்குப் பெயர் கொடுக்க நினைப்பவருக்கு இது பயன்படும்.

படி 1: தூண்டிலைத் தொடுவதற்கு முன் புள்ளிக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கரையில் உங்களுக்கு ஒதுக்கப்படும் எண்ணிட்ட இடத்திற்குப் ‘பெக்’ என்று பெயர். அடுத்தடுத்துள்ள பத்துப் பன்னிரண்டு பெக்குகள் சேர்ந்து ஒரு பிரிவு ஆகும். அன்றைய தினம் நீங்கள் ஏரி முழுவதோடும் போட்டியிடுவதில்லை. உங்கள் பிரிவில் இருப்பவர்களோடு மட்டுமே போட்டியிடுகிறீர்கள். பிரிவில் அதிக எடை பிடித்தவருக்கு 1 புள்ளி, இரண்டாமவருக்கு 2 புள்ளி என்று கடைசி ஆள் வரை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். ஐந்து நாள் முடிவில் யாருடைய கூட்டுத்தொகை மிகக் குறைவோ அவரே வெற்றியாளர். சில திருவிழாக்களில் இந்த எண் தலைகீழாக இருக்கும், ஆனால் தத்துவம் ஒன்றுதான்.

பன்னிரண்டு பேர் கொண்ட பிரிவுகளில் ஒருவர் ஐந்து நாளும் மூன்றாம் இடம் பெற்றால் அவருக்கு 15 புள்ளிகள். இன்னொருவர் மூன்று நாள் முதலிடம் பெற்று, மற்ற இரண்டு நாட்களில் ஒன்பதாவதாகவும் பன்னிரண்டாவதாகவும் வந்தால் அவருக்கு 24 புள்ளிகள். மூன்று நாள் வென்றவர், ஒரு நாள்கூட வெல்லாதவருக்குப் பின்னால் நிற்கிறார். உலக சாம்பியன் பட்டமும் இரண்டு நாள் பிரிவுப் புள்ளிகளைக் கூட்டித்தான் தீர்மானிக்கப்படுகிறது. அதை 1996, 1997, 1998, 2003, 2007 ஆகிய ஆண்டுகளில் ஐந்து முறை வென்ற இங்கிலாந்தின் ஆலன் ஸ்காட்தோர்ன் எப்படிப்பட்ட ஆட்டக்காரராக இருந்திருக்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கிலிருந்தே ஊகிக்கலாம். எனவே ‘இன்று எப்படி வெல்வது’ என்பதை விட்டுவிட்டு, ‘இந்தப் பெக்கில் எத்தனை பேரைத் தாண்ட முடியும்’ என்ற கேள்வியோடு ஒவ்வொரு நாளும் உட்காருங்கள்.

படி 2: காலம், உரிமம், பதிவு

இங்கிலாந்தின் ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை கோர்ஸ் மீன் பிடிக்கத் தடை உண்டு. மே மாதத்தில் ஆங்கிலேயத் தூண்டில்காரர்கள் கடல் கடந்து அயர்லாந்துக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். வட அயர்லாந்தில் தூண்டில் உரிமமும், அந்த நீர்நிலைக்கு உரிய அனுமதிச் சீட்டும் வேண்டும். எல்லைக்கு அப்பால் அயர்லாந்துக் குடியரசில் கோர்ஸ் மீனுக்கு அரசு உரிமம் தேவையில்லை. எர்ன் நீர்வழி இரண்டு பக்கமும் ஓடுவதால், எந்த நாள் எந்தப் பக்கம் என்பதை முன்கூட்டியே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

பதிவுக் கட்டணத்தோடு விதித்தாளையும் கேட்டு வாங்கி, இரண்டு முறை படியுங்கள். முள்ளில் எதிர்முள் இருக்கலாமா, எவ்வளவு இரை கொண்டுவரலாம், பைக் மீனும் டிரவுட்டும் எடையில் சேருமா (பெரும்பாலும் சேராது), முடிவு ஊதலின்போது தூண்டிலில் சிக்கியிருக்கும் மீன் கணக்கில் வருமா என்பவை இடத்துக்கு இடம் மாறும். விருப்பப்பட்டவர்கள் மட்டும் கூடுதலாகப் பணம் கட்டி, அதை அவர்களில் வென்றவர்கள் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கும். முதல் ஆண்டில் அதில் சேர வேண்டாம்.

படி 3: கருவிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்

ஐந்து நாள் தொடர்ந்து சேற்றிலும் புல்லிலும் சுமக்க வேண்டிய சுமை இது என்பதை நினைவில் வையுங்கள். எர்ன் போன்ற ஏரிக்கு இரண்டே முறைகள் போதும்.

முதலாவது ஃபீடர். இரைமாவு அடைத்த சிறு கம்பிக்கூட்டை முள்ளோடு சேர்த்துத் தொலைவில் வீசி, கோலின் மெல்லிய நுனி நடுங்குவதைப் பார்த்து மீனை அறியும் முறை இது. 30 முதல் 40 கிராம் எடையுள்ள கூடுகள், 0.12 முதல் 0.15 மில்லிமீட்டர் நரம்பில் கட்டிய 14, 16, 18 எண் முட்கள் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். முள்ளின் எண் கூடக் கூட அதன் அளவு சிறிதாகும்.

இரண்டாவது விப். இதில் நரம்பைச் சுற்றி வைக்கும் உருளை கிடையாது. நான்கு முதல் ஆறு மீட்டர் நீளமுள்ள கோலின் நுனியிலேயே நரம்பைக் கட்டி, தக்கை போட்டுப் பிடிக்க வேண்டும். ஊர்க் குளத்தில் மூங்கில் தூண்டில் பிடித்து வளர்ந்தவருக்கு இதில் புதிதாகக் கற்க அதிகம் இல்லை. பதினாறு மீட்டர் கார்பன் ‘போல்’ வைத்திருப்பவர்களைப் பார்த்து மிரள வேண்டாம். அதை நாள் முழுவதும் தாங்குவதற்கே தனிப் பயிற்சி வேண்டும். தக்கைக்கு ஈயமல்லாத குண்டுகளையே வாங்குங்கள். அன்னங்கள் ஈயத்தை விழுங்கி இறந்ததால் 1987 முதல் இங்கிலாந்தில் சிறு ஈயக் குண்டுகளின் விற்பனை தடைசெய்யப்பட்டுள்ளது.

முள் கட்டிய நரம்புகளை ஒரு நாளைக்குப் பத்து வீதம் வீட்டிலேயே கட்டி வைத்துவிடுங்கள். மூன்றாம் நாள் இரவு களைத்த விரல்களால் 18 எண் முள்ளைக் கட்டிப் பார்த்தவருக்கு இதன் அருமை தெரியும்.

படி 4: இரையை ஐந்து நாளும் உயிரோடு வைத்திருப்பது

ஈப்புழு, அது கூடாக மாறிய நிலையான காஸ்டர், மண்புழு, பதப்படுத்திய மக்காச்சோளம் ஆகிய நான்கும் முக்கிய இரைகள். ஈப்புழுவை மரத்தூளோ சோளமாவோ தூவி, அகன்ற பெட்டியில் மெல்லிய அடுக்காகப் பரப்பிக் குளிரில் வைக்க வேண்டும். ஆழமாகக் குவித்தால் அவை தம் உடற்சூட்டிலேயே வியர்த்துக் கெட்டுவிடும். காஸ்டர் காற்றுப்பட்டால் தொடர்ந்து வளர்ந்து கறுத்து, மூழ்காமல் மிதக்கும். மிதக்கும் காஸ்டர் நீங்கள் கூட்டிய மீன்களை அடுத்தவர் பக்கம் இழுத்துச் சென்றுவிடும். ஆகவே அதைக் காற்றுப்புகாத பையில் குளிரில் வைத்து, காலையில் ஒரு வாளி நீரில் கொட்டி, மிதப்பவற்றை அள்ளி எறியுங்கள். தங்கும் விடுதியில் இரைக்கென்று தனிக் குளிர்பெட்டி இருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். விடுதியின் சமையலறைக் குளிர்பெட்டியில் புழுவை வைத்துவிட்டு விளக்கம் சொல்லும் நிலைமை யாருக்கும் வர வேண்டாம்.

படி 5: சீட்டு எடுத்தது முதல் ஊதல் வரை

காலையில் அனைவரும் ஓரிடத்தில் கூடுவார்கள். பையில் கைவிட்டு எடுக்கும் சீட்டில் உங்கள் பெக் எண் இருக்கும். பிரிவின் ஓரப் பெக் கிடைத்தால் மகிழலாம், ஏனென்றால் ஒரு பக்கத்தில் போட்டியாள் இல்லை. அந்தப் பெக்கில் முந்தைய நாள் என்ன மீன், எவ்வளவு தொலைவில், எந்த முறையில் கிடைத்தது என்று அங்கேயே விசாரியுங்கள். போட்டியாளர்கள் இதை ஒளிப்பதில்லை.

பெக்கை அடைந்தவுடன் முதல் வேலை இரைமாவு குழைப்பது. சிறிது சிறிதாகத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, மீண்டும் லேசாகத் தெளித்துச் சல்லடையில் தேய்த்து இறக்குங்கள். புட்டுமாவு பதம் என்று நினைத்துக்கொண்டால் தவறாது: பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். கொழகொழத்துவிட்ட மாவைச் சரிசெய்ய வழியில்லை.

பிறகு ஆழம் பாருங்கள். விப்புக்கு, முள்ளில் ஆழம்பார்க்கும் குண்டை மாட்டித் தக்கையை நகர்த்தி அளக்க வேண்டும். ஃபீடருக்கு, வெறும் எடையை வீசி அது தரையைத் தொட எத்தனை நொடி ஆகிறது என்று வெவ்வேறு தொலைவுகளில் எண்ணிப் பார்க்க வேண்டும். சரிவு முடிந்து தரை சமமாகும் இடத்தைத் தேர்ந்தெடுத்து, உருளையின் கொக்கியில் நரம்பை மாட்டித் தொலைவை நிலைப்படுத்துங்கள். எதிர்க்கரையில் ஒரு மரத்தையோ வீட்டையோ குறிவைத்துக்கொண்டால் எல்லா வீச்சும் ஒரே இடத்தில் விழும். மேகத்தை யாரும் குறிவைப்பதில்லை. ஆனால் தொலைவில் நிறுத்தியிருந்த ஒரு வண்டியைக் குறிவைத்து, அது கிளம்பிப் போன பிறகு விழித்த ஆளை எனக்குத் தெரியும்.

படி 6: அந்த ஐந்து மணி நேரம்

தொடக்க ஊதல் ஒலித்ததும் ஃபீடரைக் குறித்த இடத்தில் பத்து முறை வேகமாக வீசி இரைப்படுகை அமையுங்கள். அதன்பின் முதல் ஒரு மணி நேரம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, மீன் வந்தாலும் வராவிட்டாலும், வீசிக்கொண்டே இருங்கள். வீசாத ஃபீடர் இரை போடாத ஃபீடர். ப்ரீம் கூட்டமாகத் திரியும் மீன் என்பதால், தரையில் தின்பதற்கு எப்போதும் ஏதாவது இருந்தால்தான் வந்த கூட்டம் தங்கும். விப்பில் பிடிக்கவிருக்கும் கரையோரத்திலும் ஆரம்பத்திலிருந்தே சிறிதளவு ஈப்புழுவைத் தூவி வாருங்கள்.

இனி மிக முக்கியமான முடிவு. என்னுடைய முதல் திருவிழாவின் இரண்டாம் நாள், முந்தைய நாள் ப்ரீம் வந்த பெக் எனக்குக் கிடைத்தது. இன்றும் வரும் என்று நான்கு மணி நேரம் கோல் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரு பக்கமும் இருந்தவர்கள் விரல் நீளப் பெர்ச்சையும் ரோச்சையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கி வலையில் போட்டுக்கொண்டிருந்ததை நான் ஏளனமாகப் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ப்ரீம் வரவில்லை, பிரிவில் நான் கடைசி. உறுமீனுக்குக் காத்திருக்கும் கொக்கின் பொறுமை இந்தக் கணக்கில் செல்லாது.

சிறு மீனின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒன்று 30 கிராம், நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஐந்து மணி நேரத்தில் 300 மீன், அதாவது 9 கிலோ. அந்த வேகத்தில் பாதிதான் புதியவருக்கு வரும் என்றாலும் 4.5 கிலோ கிடைக்கும். அது ஒன்றரைக் கிலோ ப்ரீம் மூன்றுக்குச் சமம். எனவே ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் ஃபீடருக்கு நல்ல அறிகுறி எதுவும் இல்லையென்றால், பக்கத்திலிருப்பவர்களுக்கும் ப்ரீம் வரவில்லையென்றால், விப்பை எடுத்துவிடுங்கள். மணிக்கு ஒரு முறை பத்து நிமிடம் ஃபீடரைச் சோதித்துப் பார்த்தால் போதும். அக்கம்பக்கத்தார் ப்ரீம் பிடிக்கத் தொடங்கினால் மட்டும் கெடுவை நீட்டலாம். அப்போது சிறு மீன் உங்களைக் காப்பாற்றாது.

சிறு மீன் பிடிப்பதில் வேகம் கையில் இருக்கிறது. நரம்பைக் கோலைவிடச் சற்றுக் குறைவான நீளத்தில் வைத்தால் மீன் ஊசலாடி நேரே உள்ளங்கைக்கு வரும், கைவலை தேவைப்படாது. ஒவ்வொரு வீச்சோடும் பத்துப் பதினைந்து ஈப்புழு தூவுங்கள்.

படி 7: எடை போடுதலும் மீனின் நலமும்

முடிவு ஊதலுக்குப் பின் தராசுக்காரர் வரும்வரை வலையை நீரிலிருந்து எடுக்காதீர்கள். வலை முடிச்சில்லாத மென்பின்னலாக, இங்கிலாந்து விதிப்படி குறைந்தது 2 மீட்டர் நீளமுள்ளதாக இருக்க வேண்டும். இயற்கை ஏரிக்கு 3 மீட்டர் நல்லது. கையை நனைத்த பிறகே மீனைத் தொடுங்கள், எடை முடிந்ததும் நீர்மட்டத்துக்கு இறக்கி விடுங்கள். உங்கள் எடைச்சீட்டில் கையொப்பமிடுமுன் எண்ணைச் சரிபாருங்கள். பிரிவின் நடுவில் பத்து கிராம் வித்தியாசத்தில் மூன்று பேர் இருப்பது சாதாரணம். கடைசி ஐந்து நிமிடத்தில் பிடித்த ஒரு பெர்ச் மூன்று புள்ளிகளைக் குறைத்துத் தரும்.

படி 8: மாலைகளும் கடைசி நாளும்

மாலையில் செய்ய வேண்டியவை மூன்றுதான்: இரையைச் சல்லடையில் சலித்துக் குளிரில் வைப்பது, நரம்பின் கடைசி சில மீட்டரை வெட்டி எறிந்து புதிதாகக் கட்டுவது, அன்று எந்த நேரத்தில் எந்த முறையில் எவ்வளவு வந்தது என்று நான்கு வரி எழுதுவது. அதன்பிறகு மதுக்கூடத்துக்குப் போகலாம். அங்கே கேட்கும் பேச்சில் பாதி மறுநாளுக்கு உதவும். ஆனால் நான்காம் நாள் பிற்பகலில் தோள் வலிக்கத் தொடங்கும்போது, விட்ட தூக்கம் கணக்குக் கேட்கும்.

கடைசி நாள் காலையில் ஒட்டுமொத்தப் பட்டியலைப் பாருங்கள். பரிசுக்கு அருகில் இருந்தால் இதுவரை செய்ததையே செய்யுங்கள். எட்டாத தொலைவில் இருந்தால் நாள் முழுவதும் ப்ரீமுக்காகவே உட்காரலாம். பல திருவிழாக்களில் அன்றைய பிரிவு வெற்றிக்கும் தனிப் பரிசு உண்டு, அதற்கு இழக்க உங்களிடம் எதுவும் இல்லை.

ஊருக்குக் கிளம்புமுன் வலைகளையும் காலணிகளையும் கழுவி முற்றிலும் உலர்த்துங்கள். 1990களில் எர்ன் ஏரிக்குள் வந்து சேர்ந்த வரிக்குதிரைச் சிப்பி, நீரை வடிகட்டித் தெளிவாக்கி, மீன்களின் வாழ்வையே மாற்றிவிட்டது. அதன் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் ஈரவலையில் பயணம் செய்யக்கூடியவை. வெயில் இல்லாத ஊரில் உலர்த்துவதற்கு நேரம் பிடிக்கும். புறப்படும் நேரத்தை அதற்கேற்பத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.