கண்ணை மூடச் சொல்வதற்கு முன்: ரகசிய வேட ஆட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்துப் பேர் கூடிவிட்டால் போர்டு கேம் விளையாடுவதில் ஒரு தொல்லை உண்டு. பாதிப் பெட்டிகளில் நாலு பேருக்கு மேல் இடமே இருக்காது. இடமிருந்தாலும், தன் முறை வருவதற்குள் யாராவது போனுக்குள் போய்விடுவார். மாஃபியா, வேர்வுல்ஃப், அவலான் மாதிரியான ஆட்டங்களில் அந்தக் காத்திருப்பு இல்லை. ஆளுக்கொரு ரகசியக் கார்டு. அதற்கப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசலாம், சந்தேகப்படலாம், புளுகலாம். மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் 1986 வாக்கில் டிமிட்ரி டேவிடாஃப் மாஃபியாவை உருவாக்கியபோது, அதன் அடிப்படை ஒன்றுதான்: விவரம் தெரிந்த சிலர், ஒன்றும் தெரியாத பலர். இரவில் எல்லோரும் கண்ணை மூட, மாஃபியா மட்டும் கண் திறந்து ஊர்க்காரர் ஒருவரைக் கொல்லும்; பகலில் எல்லோரும் பேசி, சந்தேகப்படும் ஒருவரை ஓட்டுப் போட்டு வெளியேற்றுவார்கள். கூட்டம் பெருகப் பெருக இந்த ஆட்டம் களைகட்டுவது அதனால்தான்.

ஆனால் இதே ஆட்டம் சில இடங்களில் பத்தே நிமிடத்தில் படுத்துவிடும். நான் பார்த்தவரை, அப்படிப் படுத்த ஆட்டங்களில் எல்லாம் எங்கோ ஓரிடத்தில் பேச்சு நின்றுபோயிருக்கும்.

முதல் தவறு ஆள் கணக்கில். "ஏழு பேர்தானே, ரெண்டு மாஃபியா போடு" என்று யோசிக்காமல் ஆரம்பிப்போம். இரவில் தொடங்கும் ஆட்டத்தில் இதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். முதல் இரவிலேயே ஊர்க்காரர் ஒருவர் காலி. மிச்சம் நாலு ஊர்க்காரர், ரெண்டு மாஃபியா. பகல் ஓட்டில் தவறான ஆளை அனுப்பினால் மூன்றுக்கு ரெண்டு. அடுத்த இரவு விடியும்போது ரெண்டுக்கு ரெண்டு, எண்ணிக்கை சமமாகிவிட்டதால் மாஃபியா ஜெயித்தாயிற்று. யாரைப் பற்றியும் எதுவும் தெரியாத நேரத்தில் போடும் ஒரே ஒரு ஓட்டு, ஆட்டத்தையே முடித்துவிடுகிறது. அதே ஏழு பேரைப் பகலில் தொடங்க வைத்தால், ஊருக்கு இன்னொரு தவறு செய்ய இடம் கிடைக்கும்.

பெட்டியில் போட்டிருக்கும் உச்சவரம்பையும் மதிக்க வேண்டும். அவலான் 5 முதல் 10 பேருக்கானது. பன்னிரண்டு பேர் வந்தால் இரண்டு மேசையாகப் பிரியுங்கள். பெரிய கூட்டத்துக்கென்றே செய்த ஆட்டங்களும் இருக்கின்றன. 'பிளட் ஆன் த கிளாக்டவர்' 20 பேர் வரை தாங்கும்.

அடுத்து, விதி சொல்லித்தருவது. எனக்கு மறக்காத ஒரு ஆட்டம் உண்டு. கார்டு கொடுத்தாயிற்று, எல்லோரும் எட்டிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்தாயிற்று. புதிதாக வந்த ஒருவர் தன் கார்டை மட்டும் மறுபடி லேசாகத் தூக்கிப் பார்த்தார். ரெண்டு நொடி யோசித்துவிட்டு, "இந்த மெர்லின் இருக்காரில்ல, அவர் கண்ணைத் திறந்ததும் என்ன செய்யணும்?" என்றார். மேசை முழுக்க அமைதி. எதிரே இருந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். அவலானில் கெட்டவர்கள் யாரென்று தெரிந்த நல்லவர் மெர்லின்தான். ஒவ்வொரு பயணத்துக்கும் சிலரைத் தேர்ந்தெடுத்து அனுப்புவோம்; போனவர்கள் வெற்றிக் கார்டையோ தோல்விக் கார்டையோ ரகசியமாகப் போடுவார்கள், பொதுவாக ஒரு தோல்வி விழுந்தாலே பயணம் தோற்றுவிடும். நல்லவர்கள் மூன்று பயணங்களை ஜெயித்தாலும், கடைசியில் கெட்டவர்களில் ஒருவரான கொலையாளி மெர்லினைச் சரியாகக் காட்டிவிட்டால் வெற்றி கெட்டவர்களுக்கு. அந்தக் கேள்வியிலேயே மெர்லின் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சரி, ஆட்டம் அங்கேயே முடிந்தது, மறுபடி கலைத்துப் போட்டோம்.

தவறு அவருடையது இல்லை, சொல்லித்தந்த என்னுடையது. கேள்விகளெல்லாம் கார்டு கைக்கு வருவதற்கு முன்பே தீர்ந்துவிட வேண்டும். எந்த வேடம் என்ன செய்யும் என்று ஒரு தாளில் எழுதி எல்லோர் முன்னாலும் வையுங்கள். சந்தேகம் வந்தால் தாளைப் பார்த்துக்கொள்ளலாம், வாய் திறக்கத் தேவையில்லை. முழுக்கப் புதியவர்கள் என்றால் முதல் ரவுண்டைக் கார்டுகளைத் திறந்து வைத்தே ஆடிவிடுவது இன்னும் நல்லது.

கண்ணை மூடும் கட்டம் இன்னொரு பொறி. எல்லோரும் கண்ணை மூடியிருக்க, நடத்துபவர் கூப்பிடும் வேடத்தில் இருப்பவர் மட்டும் கண்ணைத் திறப்பார், அல்லது கையால் சைகை காட்டுவார். கண் மூடியிருக்கும்போது காது கூர்மையாகிவிடும். நாற்காலி கிரீச்சிடுவது, சட்டைக் கை உரசுவது எல்லாம் பக்கத்து ஆளுக்குக் கேட்கும். எல்லோரும் முன்னதாகவே கையை மேசை மேல் நீட்டி வைத்துக்கொண்டு, கட்டை விரலை மட்டும் தூக்கினால் போதும். நடத்துபவரும் கவனமாக இருக்க வேண்டும். 'ஒன் நைட் அல்டிமேட் வேர்வுல்ஃப்' ஆட்டத்தில் மூன்று கார்டுகள் யாருக்கும் போகாமல் நடுவில் கிடக்கும். அதில் ஒரு வேடம் மாட்டியிருந்தாலும், அந்த வேடத்தைக் கூப்பிட்டு, வழக்கமான அளவு இடைவெளி விட்டே ஆக வேண்டும். சட்டென்று தாண்டினால் அந்த வேடத்தில் யாரும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கெட்ட கார்டு வந்தவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் அவசரம். அவலானில் ஐந்து பேர் ஆடும்போது முதல் பயணத்துக்குப் போவது இரண்டே பேர். அதில் நுழைந்த கெட்டவர் உடனே தோல்விக் கார்டைப் போட்டால், "இந்த ரெண்டு பேரில் ஒருத்தர்" என்று மேசையே தீர்ப்பு எழுதிவிடும். முதல் பயணத்தைச் சும்மா ஜெயிக்க விட்டு நல்ல பெயர் வாங்கிக்கொள்வது பல சமயம் லாபம். ஒரே பயணத்தில் இரண்டு கெட்டவர்கள் மாட்டி, இருவரும் தோல்வி போட்டு மாட்டிக்கொள்வதும் நடக்கும். மற்றபடி ஏழு பேரோ அதற்கு மேலோ ஆடினால் நான்காவது பயணம் தோற்க இரண்டு தோல்விக் கார்டு வேண்டும் என்பதை மறக்காதீர்கள். நல்லவர்கள் விளையாட்டுக்குக்கூடத் தோல்விக் கார்டு போடக் கூடாது, அதுவும் விதி.

இந்த ஆட்டங்களில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒன்று சத்தியம் செய்வது. "நிஜமாவே, நம்ம நட்பு மேல சத்தியமா நான் நல்லவன்" என்று ஒருவர் ஆரம்பித்தால் தீர்ந்தது. மற்றவர்களும் சத்தியம் செய்தாக வேண்டும், செய்யாதவர் கெட்டவர். பொய் சொல்ல வழியில்லாத பொய் ஆட்டம் எதற்கு? செய்துவிட்டுப் பொய் சொன்னாலோ மனக்கசப்பு வீடு வரை போகும். ஆட்டத்துக்கு வெளியே உள்ள எதையும் பணயம் வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கார்டைத் திருப்பிக் காட்டுவதும் இதே ரகம்தான்.

வெளியேற்றப்பட்டவர்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும். மாஃபியாவில் முதல் இரவிலேயே செத்தவர் முக்கால் மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால், அடுத்த முறை கூப்பிட்டால் வருவாரா? 2009-இல் வந்த 'தி ரெசிஸ்டன்ஸ்' இதை அழகாகத் தீர்த்தது: அதில் யாரும் வெளியேறுவதே இல்லை, பயணங்கள்தான் ஜெயிக்கும், தோற்கும். கிளாக்டவரில் செத்தவரும் பேசலாம், கடைசியாக ஒரு ஓட்டும் மிச்சமிருக்கும். மாஃபியாதான் ஆடப்போகிறீர்கள் என்றால், பகல் விவாதத்துக்கு ஐந்து நிமிடம் என்று கடிகாரம் வையுங்கள். இல்லையென்றால் இரண்டு பேர் மட்டும் வாதாட, மற்ற எட்டுப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

"அவன் பேசாம இருக்கான், அவன்தான்" என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் அமைதியான அதே ஆளைத் துரத்துவதும் வேண்டாம். அவர் சுபாவமே அது. குற்றம் சாட்டுவதற்குப் பதில், "நீங்க யாரைச் சந்தேகப்படுறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். வாய் திறப்பார், பொய்யானாலும் பேச்சு நகரும்.

கடைசியாக ஒன்று. ஆட்டம் முடிந்ததும் நடத்துபவர் அவசர அவசரமாகக் கார்டுகளைச் சேர்த்து அடுத்த ரவுண்டுக்குக் கலைக்க ஆரம்பிப்பார். கொஞ்சம் பொறுங்கள். கார்டுகளெல்லாம் திறந்து கிடக்க, "அப்போ அந்த ரெண்டாவது பயணத்துல தோல்வி போட்டது நீயா?" என்று ஒருவர் எழுந்தே நிற்பார். "நான் உன்னைக் காப்பாத்தத்தானே அப்படி ஓட்டுப் போட்டேன்!" என்று இன்னொருவர் தலையில் அடித்துக்கொள்வார். அதுவரை வாயே திறக்காத அந்த அமைதியான ஆள், மூன்றாவது ரவுண்டிலேயே தனக்கு எல்லாம் தெரியும் என்று மெதுவாகச் சொல்வார். யாரும் நம்ப மாட்டார்கள்.