ராமானுஜன் பட்டியலில் விட்டுப்போன எண்ணைக் கையாலேயே உடைப்பது எப்படி

29331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. கணித மேதை ராமானுஜன் போட்ட ஒரு பட்டியலில் விட்டுப்போன எண் இது. உடைப்பது என்றால் பகாக் காரணிகளாகப் பிரிப்பது. தாராவி 90 அடி சாலைக்குப் பின்னால் எங்கள் மாடியறைக்கு டியூஷன் வரும் பிள்ளைகளுக்கு இந்த எண்ணைத்தான் கொடுப்பேன். தோல் கடையில் நாற்பது வருஷம் பேரேடு எழுதினவன் நான். பெரிய எண்ணைப் பார்த்தால் எனக்குக் கை ஊறும், அதுகளுக்கு வயிற்றைக் கலக்கும்.

எண்ணை 293318625600 என்று எழுதுங்கள். கோடி, லட்சக் காற்புள்ளி ரூபாய்க்குச் சரி, இங்கே வேண்டாம். வலப்பக்கமிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்டுங்கள்: 293, 318, 625, 600. கடைசித் துண்டில் தொடங்கி, கழித்தும் கூட்டியும் மாறி மாறிப் போங்கள். 600-ல் 625 போய், 318 சேர்ந்து, 293 போனால் மிச்சம் சுழி. அப்படியென்றால் எண் 1001-ஆல் மீதியில்லாமல் வகுபடும். 1001 என்பது 7, 11, 13 மூன்றையும் பெருக்கியது. ஒரே போடில் மூன்று காரணி!

சுழி வராவிட்டாலும் நஷ்டமில்லை. வந்த சின்ன எண்ணை 7, 11, 13-ஆல் வகுத்துப் பாருங்கள்; அது எதில் அடங்குகிறதோ பெரியதும் அதில் அடங்கும். ஆயிரம் 1001-க்கு ஒன்று குறைவு, அதனால்தான் துண்டுக்குத் துண்டு குறி மாறுகிறது. பிள்ளைகள் நம்பாவிட்டால் 456-ஐ 1001-ஆல் பெருக்கச் சொல்வேன். 456456 என்று வந்ததும் முகம் மலரும்.

இனி நம் எண்ணுக்கு வருவோம். அதை 1001-ஆல் வகுத்தால் 293025600. கடைசி இரண்டு சுழியை எடுத்துவிடுங்கள். இரண்டு 2, இரண்டு 5 கைக்கு வந்தாயிற்று. மிஞ்சிய 2930256-ஐ நாலு தடவை பாதியாக்கினால் 183141. இலக்கங்களைக் கூட்டினால் 18, ஆகவே 9-ஆல் வகுக்கலாம்: 20349. மறுபடியும் கூட்டுத்தொகை 18. இன்னொரு தடவை 9-ஆல் வகுத்தால் 2261.

இங்கேதான் நான் கவிழ்ந்தேன். 7-ஐத்தான் ஏற்கெனவே எடுத்தாயிற்றே என்று 2261-ஐப் பகா எண் என்று போர்டில் எழுதிவிட்டேன். இட்லி வியாபாரி ஒருவரின் மகள், ஏழாம் வகுப்பு, "சார், 2100 ஏழுல போகுது, மிச்சம் 161-உம் போகுதே" என்றாள். ஒரு தடவை எடுத்த காரணியை மறுபடியும் சோதிக்காமல் நகராதீர்கள். 2261-ஐ 7-ஆல் வகுத்தால் 323. பதினெட்டின் வர்க்கம் 324. அதில் ஒன்று குறைந்தால் 17 பெருக்கல் 19.

இப்போது கணக்கை முடிக்கலாம். 2 ஆறு தடவை, 3 நாலு, 5-உம் 7-உம் இரண்டிரண்டு, 11, 13, 17, 19 ஒவ்வொன்று. ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2 = 5040. இந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் அத்தனை. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அவ்வளவு காரணிகள் கிடையாது.

இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் காரணிகளில் மிஞ்சும் எண்களைப் பற்றி 1915-ல் ராமானுஜன் நீண்ட கட்டுரை எழுதி, பட்டியலும் போட்டார். அதில் இது ஒன்று விட்டுப்போயிற்று. பேரேட்டில் ஒரு வரி விட்டுப்போனால் ராத்திரி தூங்காத எனக்கு, அதைப் படித்தபோது என்ன ஒரு ஆறுதல்!

வீட்டுப்பாடம்: இதை எந்தச் சிறிய எண்ணால் பெருக்கினால் முழு வர்க்கமாகும்? ஒற்றையாக நிற்கும் 11, 13, 17, 19-ஐப் பெருக்குங்கள். 46189 வர வேண்டும்.