போர்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன்

"மாமா, போர்டு செத்துப்போச்சு. சிம் லிம் டவர்ல இந்நேரம் கடை திறந்திருக்குமா?"

இரவு எட்டரை மணிக்கு அக்கா மகளிடமிருந்து அழைப்பு. பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு. சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு நடைவழியில் இருக்கும் கறிவேப்பிலைச் செடிக்குத் தானாகத் தண்ணீர் விடும் கருவிதான் அவளுடைய புராஜெக்ட். அதிலிருப்பது இஎஸ்பி32 என்ற குட்டிக் கணினி போர்டு. புது ஃபர்ம்வேர், அதாவது போர்டில் ஓடும் நிரல், 100 விழுக்காடு வரை ஏறி, கடைசியில் பிழை காட்டி நின்றுவிட்டது. அதன்பிறகு போர்டு ஓடவே இல்லை.

கடைக்குப் போக வேண்டாம் என்றேன். போர்டு செத்தது என்று கடைக்கு ஓடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. ஃபர்ம்வேர் ஏறாமல் போனால் போர்டு செத்துவிடாது. இஎஸ்பி32இலும், அதைப் போன்ற இன்னொரு போர்டான ராஸ்பெர்ரி பை பிக்கோவிலும் முதலில் ஓடும் நிரல், சிப்புக்குள்ளேயே ரோம் என்ற அழிக்க முடியாத நினைவகத்தில் இருக்கிறது. நாம் ஏற்றுவது ஃபிளாஷ் நினைவகத்துக்குப் போகிறது. அது குப்பையாகிப் போனாலும் ரோம் அப்படியே இருக்கும். பிக்கோவில் பூட்செல் பொத்தானை அழுத்திக்கொண்டே யூஎஸ்பியைச் செருகினால், கணினியில் ஒரு டிரைவ் தெரியும். நிரலின் யூஎஃப்2 கோப்பை அதில் போட்டால் போதும். இஎஸ்பி32இல் பூட் பொத்தானைப் பிடித்துக்கொண்டு ஈஎன் (ரீசெட்) பொத்தானை ஒருமுறை தட்ட வேண்டும், அது மறுபடி நிரலை வாங்கத் தயாராகும்.

இரண்டாவது தவறு, பிழைச் செய்தியைப் படிக்காமல் கண்டதையெல்லாம் மாற்றுவது. அவள் அதற்குள் கேபிளை மாற்றி, ஏற்றும் வேகத்தைக் குறைத்து, மென்பொருளையும் அழித்துத் திரும்ப நிறுவியிருந்தாள். இத்தனையும் மாற்றிய பிறகு எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை முதலில் பாருங்கள்.

'ஃபெயில்ட் டு கனெக்ட்' என்றால் கணினியும் சிப்பும் பேசிக்கொள்ளவே இல்லை. நிரலில் தவறு தேடாதீர்கள். கேபிளைப் பாருங்கள். சார்ஜ் செய்ய மட்டுமே ஆகும் கேபிளிலும் போர்டின் விளக்கு எரியும், அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். செருகியதும் கணினியில் புதிதாக ஒரு போர்ட் (இணைப்பு வாயில்) தோன்றுகிறதா? தோன்றாவிட்டால் கேபிள், அல்லது போர்டில் யூஎஸ்பியைக் கவனிக்கும் சிஎச்340, சிபி2102 போன்ற சிப்புக்கான டிரைவர். போர்ட் இருந்தும் திறக்கவில்லை என்றால் போர்டு அனுப்பும் செய்திகளைக் காட்டும் சீரியல் மானிட்டர் அதைப் பிடித்துவைத்திருக்கும். அர்டுயினோ ஊனோ போர்டில் 0, 1 பின்களில் (கம்பி மாட்டும் முனைகளில்) ஏதாவது இணைத்திருந்தால் கழற்றிவிட்டு ஏற்றுங்கள். யூஎஸ்பி வழியாக வரும் நிரலும் அதே பின்களில்தான் வருகிறது.

அவளுக்கு வந்த செய்தி வேறு: எழுதியதும் ஃபிளாஷில் இருப்பதும் பொருந்தவில்லை, எம்டி5 (ஒப்பிட்டுப் பார்க்கும் சரிபார்ப்பு எண்) தவறு. அப்படியானால் கேபிள் சரி, டிரைவர் சரி, எழுதும் இடத்தில்தான் கோளாறு. "இன்னைக்குப் புதுசா என்ன மாட்டினே?" என்று கேட்டேன். பம்புக்கான ரிலே (பம்பை இயக்கும் மின்சுவிட்ச்), ஜிபிஐஓ 12இல், அதாவது 12ஆம் பின்னில் என்றாள்.

சரி, கோளாறு அங்கேதான் இருந்தது. இஎஸ்பி32 விழிக்கும் நொடியில் 12ஆம் பின்னைப் பார்த்துத்தான் ஃபிளாஷுக்கு எத்தனை வோல்ட் கொடுப்பது என்று முடிவு செய்கிறது. பின்னின் மின்னழுத்தம் தாழ்ந்திருந்தால் 3.3, உயர்ந்திருந்தால் 1.8. ரிலே மாட்யூல் அந்தப் பின்னை மேலே இழுத்துவைத்திருந்தது. 3.3 வோல்ட் ஃபிளாஷுக்கு 1.8 வோல்ட் கொடுத்தால் அது எழுதுவதை எப்படி நம்புவது? ரிலே கம்பியை 27ஆம் பின்னுக்கு மாற்றச் சொன்னேன். மறுபடி ஏற்றினாள், ஓடியது.

இதே பிழைக்கு இணையத்தில் இன்னொரு வைத்தியமும் கிடைக்கும்: ஃபிளாஷ் மின்னழுத்தத்தை இஃபியூஸில் (சிப்புக்குள் ஒரே முறை எழுதக்கூடிய இடத்தில்) எழுதிவிடு என்பார்கள். தயவுசெய்து அவசரப்பட்டு அதைச் செய்யாதீர்கள். இஃபியூஸில் எழுதியதைத் திரும்ப மாற்ற முடியாது. 1.8 வோல்ட் ஃபிளாஷ் உள்ள மாட்யூலில் 3.3 என்று எழுதிவிட்டால், அப்போதுதான் உண்மையிலேயே புது போர்டு வாங்க வேண்டியிருக்கும். கம்பியை நகர்த்தினால் தீரும் விஷயத்துக்கு அது வேண்டாம்.

ஏற்றும் கட்டளையை இணையத்திலிருந்து அப்படியே நகலெடுப்பதும் ஆபத்துதான். பழைய இஎஸ்பி32இல், நம் நிரலைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் ஃபிளாஷில் ஹெக்ஸ் 1000 முகவரியில் இருக்கும். இஎஸ்பி32இன் புதிய வகைகளான எஸ்3, சி3 இரண்டிலும் பூஜ்யத்தில். ஒன்றுக்கு எழுதியதை மற்றதில் ஓட்டினால், பிழையே காட்டாமல் ஏறும், ஆனால் போர்டு விழிக்காது.

நிரல் ஏறிய பிறகு பிரவுன்அவுட் என்று காட்டித் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனால் அது மின்சாரக் குறை. பம்புக்குத் தனி மின்வழங்கி கொடுங்கள். தரை இணைப்பு மட்டும் பொதுவாக இருக்கட்டும்.

அப்புறம் அவள் வைஃபை வழியாக ஏற்றலாமா என்று கேட்டாள். ஏற்றலாம், ஃபிளாஷில் இரண்டு ஓடிஏ (கம்பியில்லா ஏற்றம்) பகுதிகள் பிரித்திருந்தால். பாதியில் இணைப்பு அறுந்தாலும் பழைய நிரல் தன் பகுதியில் பத்திரமாக இருக்கும். ஆனால் முழுதாக ஏறிய புது நிரலில் வைஃபை பகுதியே கெட்டிருந்தால் அடுத்த ஏற்றத்துக்கு வழியில்லை; பழைய நிரலுக்கே திரும்பும் ரோல்பேக் வசதியை முதலிலேயே இயக்கி வைக்க வேண்டும். அவர்கள் வீட்டில் ரூட்டருக்கும் நடைவழிக்கும் நடுவே பாம் ஷெல்டரின் கான்கிரீட் சுவர். செயல்விளக்கம் முடியும்வரை யூஎஸ்பி கேபிளிலேயே ஏற்று என்று சொல்லிவிட்டேன்.